சுரங்க பூமியை வலம் வருதல்

ஒரு பொருளை வலப்புறத்தே வைத்துக்கொண்டு, அதனைச் சுற்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் வழக்கம் நம் நாட்டில் எத்தனை காலமாக உண்டு என்று கணக்கிட்டுச் சொல்வது அரிது. கோயிற் பிராகாரத்தைச் சுற்றுவது சில நிமிஷங்களில் முடியும். ஆரணிக்குத் தெற்கே திருவண்ணாமலையில், பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி நடக்கும் 14 கிலோமீட்டர் ஓர் இரவில் முடியும். காசியில் பஞ்சக்குரோச யாத்திரை என வழங்கும் பிரதட்சிணமோ, கர்தமேசுவரம் தொடங்கிக் கபிலதாரை வரையில் ஐந்து இடங்களில் தங்கி, ஏறக்குறைய 80 கிலோமீட்டரை ஐந்து நாட்களில் நடந்து முடிப்பது. இவ்வழிகளில் நடப்பவர் தாம் சுற்றிவரும் பொருளின் உச்சியையோ நடுவையோ தேடிச் செல்வதில்லை. அதன் முகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு வருகிறார்கள். கிழக்கு வாயிலிலிருந்து பார்க்கையில் ஒற்றைச் சிகரமாகத் தோன்றும் அண்ணாமலை, அடி அண்ணாமலைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குப் பல முடிகளாகப் பிரிந்து நிற்பது, ஓரிடத்தில் நின்று தரிசித்துத் திரும்பியவர்களுக்குத் தெரியாத செய்தி.

மலையையும் நகரையும் சுற்றுவது சரி. தோண்டித் தீர்ந்து கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சுற்றி மனிதர் நாட்கணக்கில் நடப்பார்களா என்றால், நடக்கிறார்கள். இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியாத் தீவின் தென்மேற்கு மூலையில், இக்லேசியாஸ் என்னும் ஊரில் தொடங்கி அவ்வூரிலேயே முடியும் சாந்தா பார்பரா சுரங்கப் பாதை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுடையது. அதனை 30 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பார்பரா என்பவள் கிறிஸ்தவர்கள் வணங்கும் புனிதவதி; வெடிமருந்தோடு வேலை செய்பவர்களுக்கும் பூமிக்குள் இறங்குபவர்களுக்கும் அவளே காவல் என்பது ஐரோப்பியச் சுரங்கத் தொழிலாளரின் நம்பிக்கை; டிசம்பர் 4ஆம் தேதி அவளுடைய திருநாள். ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும் பினீசியர் காலத்திலிருந்து இப்பிரதேசத்தில் எடுக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் அந்நிய மூலதனம் புகுந்தபின் மலைகள் முழுவதும் துளைக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய யாவும் மூடப்பட்டன. மிஞ்சியவை இடிந்த ஆலைகளும், செந்நிறக் கழிவு மேடுகளும், கோவேறு கழுதைகளும் சுமைகாரர்களும் தேய்த்த மலைப் பாதைகளும். அப்பாதைகளையே சேர்த்துத் தைத்து ஒரு வட்டம் ஆக்கினார்கள். புதிதாக வழி வெட்டவேண்டிய அவசியம் பெரும்பாலும் நேரவில்லை. தொழிலாளி குடியிருப்பிலிருந்து குழிக்கும், குழியிலிருந்து கடற்கரைக்கும் நடந்த தடமே இன்றைய யாத்திரிகரின் தடமாயிற்று.

அவ்வழியில் மாசுவா என்னும் இடத்தருகே செங்குத்தான கடற்பாறையில், தண்ணீருக்கு மேலே உயரத்தில், ஒரு வாயில் திறந்திருக்கிறது. போர்த்தோ ப்ளாவியா என்று அதற்குப் பெயர். செசாரே வெச்செல்லி என்ற பொறியியலாளர் 1924இல் கட்டி முடித்து, தம் மகளின் பெயரை வைத்தார். அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதை அறிந்தால்தான் அந்தத் துவாரத்தின் அருமை புலப்படும். குழியிலிருந்து வந்த தாதுவைக் கடற்கரையில் குவித்து, கூடையில் அள்ளித் தோளில் சுமந்து, இடுப்பளவு அலையில் இறங்கிப் பாய்மரப் படகுகளில் கொட்டி, கார்லோபோர்த்தே தீவுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கே மறுபடியும் கூடையில் அள்ளிப் பெரிய கப்பலில் ஏற்றினார்கள். கடல் சீறினால் படகும் தாதுவும் ஆளும் சேர்ந்து போவதும் உண்டு. வெச்செல்லி பாறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குகைவழிகளும், அவற்றுக்கிடையே 10,000 டன் கொள்ளும் ஒன்பது களஞ்சியங்களும் குடைந்து, கீழ்க் குகையிலிருந்து நகரும் பட்டையின்மூலம் தாதுவை நேரே கப்பலின் வயிற்றில் விழச்செய்தார். கூடைக்காரர்கள் அன்றோடு வேலையற்றவர்கள் ஆனார்கள். கம்பெனிக்கு லாபமும் சுமைகாரனுக்கு நஷ்டமும் ஒரே வாயில் வழியாக வந்த கதையை, அந்தப் பாறைமேல் நடந்து, அடுத்த நாள் கூடை தூக்கிய கடற்கரையிலும் நடப்பவர்கள் யாரும் விளக்காமலே தெரிந்துகொள்கிறார்கள்.

புஜ்ஜெர்ரு என்னும் ஊர் அதே வழியில் உள்ளது. 1904ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி, நடுப்பகல் ஓய்வு நேரத்தைக் குறைத்த பிரெஞ்சுக் கம்பெனியின் உத்தரவை எதிர்த்து வேலையை நிறுத்தியவர்கள்மேல் துருப்புகள் சுட, சுரங்கத் தொழிலாளர்கள் மாண்டார்கள். இத்தாலி தேசம் முழுவதும் நடந்த முதற் பொது வேலைநிறுத்தத்திற்கு அதுவே காரணங்களுள் ஒன்றாயிற்று. மொந்தேவெக்கியோவில், 1871ஆம் ஆண்டு மே மாதம், நீர்த்தொட்டி ஒன்று இடிந்து, தாதுவைப் பொறுக்கிப் பிரிக்கும் பெண்கள் இளைப்பாறிக்கொண்டிருந்த விடுதியின்மேல் விழ, சிறுமியர் உட்பட 11 பேர் இறந்தனர். இவையெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். ஆனால் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தது, விடுதி எவ்வளவு கீழே இருந்தது, தண்ணீர் எந்தச் சரிவில் இறங்கியிருக்கும் என்பதைக் காலால் அளந்து அறிவது வேறு வகையான அறிவு.

இந்தப் பாதையை அரசாங்கம் தானே மனமிரங்கித் தந்துவிடவில்லை. குழிகள் மூடப்பட்டபின் வேலையிழந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும், சுரங்கச் சின்னங்களைக் காப்பாற்றும் பூங்காவொன்றை நிறுவவேண்டும் என்று கோரி, 2000ஆம் ஆண்டின் இறுதியில் இக்லேசியாசுக்கு அருகிலுள்ள ஒரு பழைய சுரங்கத்துக்குள் புகுந்து அமர்ந்துவிட்டார்கள். மறு ஆண்டு, 2001 அக்டோபரில், சார்டீனியாவின் சுரங்கப் பூங்கா சட்டபூர்வமாக ஏற்பட்டது. நடைவழி அதற்குப் பின்னர் வந்தது.

அதே 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. பட்டு நெய்யும் ஊராகிய ஆரணியிலிருந்து நான் அந்தச் சுரங்கப் பாதையைப் பற்றி எழுதத் துணிந்ததன் காரணம் இங்கேதான் வருகிறது. ஆரணித் தறிகளுக்கு இழையாகும் கச்சாப் பட்டுக்குப் பெயர்போன சந்தை பழைய கோலார் ஜில்லாவின் சிட்லகட்டாவில் இருக்கிறது; அந்தத் திசையிலிருந்து பட்டு இங்கே வந்ததுபோல, இந்தத் திசையிலிருந்து மனிதர்கள் அங்கே போனார்கள். தங்கவயலின் குழிகளில் இறங்கியவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்களுள்ளும் பழைய வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களின் சேரிகளிலிருந்து, பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, மேஸ்திரிகளின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுச் சென்றவர்களே அதிகம். ஆகையால் தங்கவயலின் சரித்திரம் கர்நாடகத்துச் சரித்திரமாய் இருக்கும் அளவுக்கே, பாலாற்றுப் படுகையிலுள்ள எங்கள் ஊர்களின் சரித்திரமும் ஆகும். எங்கள் பகுதி நூல்களில் இது மிகக் குறைவாகவே இடம்பெற்றிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1802இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் ராணுவ அதிகாரி, ஊரிகம் கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கத்துகள் எடுப்பதைக் கேள்வியுற்று எழுதிவைத்தான். 1871இல் அந்தப் பழைய குறிப்பைப் படித்துவிட்டு, பெங்களூரில் ஓய்வாக வசித்த லவேல் என்னும் ஐரிஷ் சிப்பாய் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தான். 1875இல் மைசூர் அரசாங்கத்திடம் உரிமை பெற்றான். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் நிர்வாகத்தை ஏற்று, பணம் கரைந்து முதலாளிகள் மனம் சோர்ந்திருந்த சமயத்தில், முன்னோர் தோண்டிவிட்டுப் போன பழங்குழிகளுக்கு அடியில் சாம்பியன் என்னும் தங்கப் படலத்தைக் கண்டார்கள். 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் மின்சாரம் வந்தது. சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் ஏற்றுக்கொண்டன. மொத்தம் எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். சாம்பியன் ரீஃப் குழியின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம்.

இந்த மூன்று கிலோமீட்டர்தான் ஆய்வாளனுக்குத் தொல்லை தருவது. சுரங்கத்தின் சரித்திரம் செங்குத்தாக அமைந்தது. பாறை அறுபது பாகைக்கு மேல் கொதிக்கும் அடித்தளத்தை இனி எவரும் காணப்போவதில்லை, ஏனெனில் பம்புகள் நின்றபின் அது நீரில் மூழ்கிக் கிடக்கிறது. எனவே தங்கவயலைப் பற்றிப் பேசுவோர் ஆழத்தைப் பற்றியே பேசி வியக்கிறார்கள். சினிமாக்காரர்கள் அந்த வியப்பையும் சயனைடு கழிவு மேடுகளையும் வைத்துக்கொண்டு புராணமே படைத்துவிட்டார்கள். மேற்பரப்பில் என்ன இருந்தது, என்ன இருக்கிறது என்று கேட்பவர் சிலரே. ஆரணித் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீளமாக விரித்துக் கட்டி, அதன் பக்கமாகவே மேலும் கீழும் நடந்து, எந்த இழை அறுந்தது, எது தளர்ந்தது என்று பார்த்துக்கொண்டு போவார்கள். ஒரு முனையில் நின்றுகொண்டு மறுமுனையைப் பார்ப்பவன் கண்ணுக்குப் பாவு முழுவதும் குற்றமற்றதாகவே தோன்றும். தங்கவயலின் மேற்பரப்பையும் அப்படி நடந்து பார்த்தாலன்றி அறுந்த இழைகள் அகப்படா.

அவ்வாறு நடப்பதற்குரிய வழி அங்கே இன்று குறிக்கப்பட்டிருக்கவில்லை. துண்டு துண்டாக மட்டும் கிடக்கிறது. அவற்றைக் கூட்டினால் மூன்று நான்கு நாள் நடக்கக்கூடிய ஒரு வட்டம் உருவாகும் என்பது நிலப்படத்தைப் பார்த்தாலே தெரியும். எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு நான் தண்ணீரைச் சொல்வேன். தங்கவயலுக்குக் கிழக்கே பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்க நகரத்துக்குக் குழாய் வழியே ஏற்றினார்கள். குடிக்கவும், ஆலையில் பாறைமாவைக் கரைக்கவும் அந்த நீர் வேண்டியிருந்தது. சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் 1892இல் ஏற்பட்ட நதிநீர் உடன்படிக்கையில் பாலாறும் அடக்கம். அவ்வாற்றின் மணலைப் பார்த்து வாணியம்பாடியிலும் வேலூரிலும் பெருமூச்சு விடுபவர்கள் பேத்தமங்கலத்துக் கரையில் ஒரு நாழிகை நின்று பார்க்கவேண்டும். வட ஆர்க்காட்டு மனிதரும் வட ஆர்க்காட்டுக்கு வரவேண்டிய நீரில் ஒரு பகுதியும் ஒரே இடத்திற்குப் போய்ச் சேர்ந்திருப்பதை அங்கே காணலாம்.

பிறகு பாறை. பெத்தபள்ளியருகே எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகிய பாறைகளை இந்தியப் புவியியல் அளவைத் துறையார் தேசியப் புவியியல் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். கோலார்ப் பாறைப் பட்டை வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு, மூன்று நான்கு கிலோமீட்டர் அகலமே உடையது. வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் அதிகம். இவ்வளவு குறுகலான நிலத்தில்தான், ஒன்றையொட்டி ஒன்றாக, மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று கம்பெனிகள் வரிசையாக அமர்ந்தன. வட்டமாக நடப்பவர்கள் இப்பட்டையை இருமுறை குறுக்காகக் கடப்பார்கள். கடக்கும்போது செம்மண் கறுத்து மறுபடி சிவப்பதையும் கவனிக்கலாம்.

மூன்றாவதாக மனிதர் வாழ்ந்த இடம். தங்கவயலில் தொழிலாளர் குடியிருப்புக்கு லைன் என்று பெயர். மூங்கில் தட்டியும் தகரமும் கொண்டு அடைத்த ஓரறை வீடுகள் முதுகோடு முதுகாக நிற்க, வாசலில் ஒரு முழத் திண்ணை, அதில் ஓர் அடுப்பு. அந்த ஓரறையில் முதல் ஷிப்டுக்குப் போகிறவன் எழும்போது மூன்றாம் ஷிப்டிலிருந்து வந்தவன் படுப்பான். சற்றுத் தொலைவில், யூகலிப்டஸ் மரநிழலில், துரைமார் பங்களாக்களும் கிளப்பும். இங்கிலாந்தின் கார்ன்வால் சீமையிலிருந்து வந்தவர்களும், இத்தாலியரும்கூட இங்கே வேலை செய்தார்கள். கடைநிலையில் இருந்தவர்கள் கல்வியிலும் கிளர்ச்சியிலும் கடைநிலையில் இருக்கவில்லை என்பதே தங்கவயலின் சிறப்பு. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் உறுதியான கிளை இருந்தது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய பத்திரிகை, அவர் காலமான பின்னர் 1920களில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பூமிக்குள் இறங்கி ஏறியவர்களின் கூலிக்காசு அச்சாபீசுக்கும் போயிற்று என்பதை, தமிழ்ப் பத்திரிகைகளின் சரித்திரத்தை எழுதுவோர் இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம். 1930இல், கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்ற நிர்வாகத்தின் திட்டத்தை எதிர்த்து அவர்கள் செய்த பெரிய வேலைநிறுத்தமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. குற்றப்பரம்பரையினரைப்போல் தங்களை ஏன் ரேகையால் அடையாளம் காணவேண்டும் என்று கேட்கத் தெரிந்த தொழிலாளர் அவர்கள்.

அவர்களுடைய நுரையீரல் வேறொரு கதையைச் சொல்லும். பாறைத்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் பற்றி 1940களில் நடந்த பரிசோதனையில், பார்க்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருந்ததாகத் தெரியவந்தது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதை ஏர்பிளாஸ்ட் என்பார்கள். அது நிகழ்ந்தால் மேலே லைன்களில் பாத்திரங்கள் அதிரும், சுவர் கீறும், பெண்கள் குழிவாயிலை நோக்கி ஓடுவார்கள். அதே ஆழம், மேலிருந்து வரும் மற்றக் கதிர்களைப் பாறை தடுத்துவிடுவதால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாருக்கு உதவியது: வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாக உணர்ந்த இடங்களுள் ஒன்று 1965இல் தங்கவயலே. ஒரே குழி, ஒருவனுக்கு நெஞ்சுத் தூசியையும் மற்றொருவனுக்கு விஞ்ஞானப் புகழையும் தந்தது.

கடைசியாக மேடுகள். எடுத்த பாறையில் டன்னுக்குச் சராசரி பதினைந்து கிராம் அளவே தங்கம். மற்றதெல்லாம் மாவாக அரைக்கப்பட்டு, சயனைடு நீரில் ஊறி, பொன்னை விட்டுவிட்டு, வெளியே குவிந்தது. 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட அந்தக் குவியல், வெளிறிய சாம்பல் நிறத்தில், மழை அறுத்த ஆழமான வாய்க்கால்களோடு, புல்லும் சரியாக முளைக்காமல், ஊருக்கு நடுவே நிற்கிறது. கோடைக்காற்று வீசினால் மாவு எழுந்து லைன்களில் சோற்றுப் பானைமேல் படிகிறது. நடைவழி இம்மேடுகளைச் சுற்றிப் போகவேண்டுமேயன்றி மேலேறிப் போகக்கூடாது; மூடிய குழிகளின் வாய்கள் பலவிடங்களில் உள்வாங்கும் என்பதையும் மறக்கலாகாது. பாதை என்றவுடன் இரும்பு வேலியும் நுழைவுச்சீட்டும் கொண்ட ஓர் உல்லாச ஸ்தலத்தை நினைப்பவர்கள் உண்டு. அது இங்கே பொருந்தாது. சுரங்கம் மூடியபின் தங்கவயல் காலியாகிவிடவில்லை. ஆயிரக்கணக்கானோர் இருட்டோடு எழுந்து மாரிக்குப்பத்திலும் அதற்கடுத்த ஸ்டேஷன்களிலும் ரயிலேறி, பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, இரவில் வீடு திரும்புகிறார்கள். உயிரோடு இருக்கும் ஊரைச் சுற்றி வழிபோடுவது காட்டைச் சுற்றி வழிபோடுவது போன்றதன்று. சார்டீனியாவில் பழைய சுரங்கக் கட்டிடங்கள் சிலவற்றையே யாத்திரிகர் தங்கும் விடுதிகளாக்கினார்கள். காசியில் பஞ்சக்குரோசத்தின் ஒவ்வொரு தங்கலிலும் தர்மசாலைகள் இருக்கின்றன. தங்கவயலில் லைன்களிலேயே தங்கல் அமையுமானால், இரவுச் சோற்றுக்கும் படுக்கைக்கும் நடப்பவர் கொடுக்கும் காசு, அந்த வீட்டாருக்கே போய்ச் சேரும். அவர்கள் சம்மதிப்பார்களா, எந்த லைன் முதலில், எத்தனை பேர் என்பவற்றை அவர்களே தீர்மானிக்க வேண்டும். ஆரணியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாரும் தீர்மானிப்பது முறையன்று.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஏறக்குறைய ஆயிரம் ஏக்கரில் பரவியிருக்கும் 13 மேடுகளையும் மறுபடி கரைத்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. வேலை கிடைக்கும் என்று எதிர்பார்ப்போர் ஊரில் உண்டு. அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே. தூசி குறைந்தால் அதுவும் நன்மையே. ஆனால் மேடுகள் போய்விட்டால், எந்த மில்லின் கழிவு எங்கே கொட்டப்பட்டது, எந்தத் தண்டவாளம் எந்தச் சரிவில் ஓடியது என்று காட்டுவதற்கு நிலத்தில் அடையாளம் இராது. கம்பெனிப் படங்களில் இவை ஓரளவு இருக்கலாம். லைன்களில் இருக்கும் முதியவர்களின் நினைவில் இதைவிடத் துல்லியமாக இருக்கும். வழியை அளக்க முன்வருபவர்கள், கல்லூரி மாணவராயினும் அரசுத் துறையாராயினும், முதலில் அந்த முதியவர்களில் நடக்கக்கூடியவர்களைக் கூட்டிக்கொண்டு, மேடுகள் நிற்கும்போதே ஒருமுறை சுற்றி வந்து, அவர்கள் சொல்லும் பெயர்களைப் படத்தில் எழுதிக்கொள்வது நல்லது.